மைனஸ் ஒன்றுக்கு எதிர்மறை இல்லை

காலை பதினொன்று பத்து. தேநீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு உதவியாளர் காளிமுத்து அறைக்குள் வந்துகொண்டிருந்தார். நான் என் முன்னால் இருந்த கட்டின் அடுத்த விடைத்தாளைப் புரட்டினேன். முதலில் கண்ணில் பட்டது வெற்றிடம். பதினெட்டாம் கேள்விக்கு விடை எழுதிய மற்ற எல்லோரும் இரண்டு பக்கம் நிரப்பியிருந்தார்கள். இந்தத் தாளில் ஐந்து வரி இருந்தது. அதற்குக் கீழே பக்கம் முழுக்கக் காலி.

இது நடந்தது இரண்டாயிரங்களின் நடுவில், ஒரு மே மாதம். இடம் சிவகாசியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகம். கோடை விடுமுறையில் அதைப் பல்கலைக்கழகத்தின் விடைத்தாள் திருத்தும் முகாமாக மாற்றியிருந்தார்கள். பர்னர்களையும் பிப்பெட்டுகளையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, அமிலக் கறை படிந்த மேசைகளில் நாங்கள் இளங்கலைக் கணிதத் தாள்களைத் திருத்தினோம். இப்போது தாள்களை ஸ்கேன் செய்து கணினித் திரையில் திருத்துகிறார்கள். என்னோடு வேலை பார்த்த மாலதி இன்று துறைத் தலைவர். "பழைய முகாம் எப்படி இருந்ததுன்னு துறை மலருக்கு ஒரு கட்டுரை குடுங்க சார், புதுசா வந்த பிள்ளைகளுக்குச் சிவப்பு மைன்னா என்னன்னே தெரியல" என்றார். முகாமைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. அந்த ஐந்து வரியை விட்டுவிட்டு எழுத முடியாது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. முதுகலை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் மதுரையில் ஒரு நாளிதழில் மூன்று ஆண்டுகள் பிழை திருத்தினேன். பட்டாசு ஆலை விபத்துச் செய்திகளில் தலைப்பில் ஓர் எண்ணிக்கையும் உள்ளே வேறு எண்ணிக்கையும் வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பிறகு விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். பணி ஓய்வு பெறும்வரை அங்கேயே நுண் இயற்கணிதம் நடத்தினேன்.

நுண் இயற்கணிதத்தில் மாணவர்களை முதலில் சந்திப்பது 'குலம்'. உறுப்புகளின் தொகுப்பான ஒரு கணம், அதில் இரண்டு உறுப்புகளைச் சேர்க்கும் ஒரு செயலி, நான்கு விதிகள். நான்காவது விதி எதிர்மறை விதி. கூட்டலில் ஐந்தோடு மைனஸ் ஐந்தைச் சேர்த்தால் பூச்சியம், அதாவது தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறோம். இப்படி ஒவ்வோர் உறுப்புக்கும் அதன் வேலையை இல்லாமல் செய்கிற இன்னோர் உறுப்பு அந்தக் கணத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒரே ஓர் உறுப்புக்கு இல்லை என்றாலும் அது குலம் இல்லை. விட்டுக்கொடுப்பது, போனால் போகிறது என்பதெல்லாம் கிடையாது.

இரண்டு செயல்களைத் தொடர்ந்து செய்தால், அவற்றைக் கடைசியில் செய்ததிலிருந்து பின்னோக்கித்தான் நீக்க வேண்டும். இதற்குப் பாடநூல் தரும் உதாரணம் சாக்ஸும் ஷூவும். என் வகுப்பில் சாக்ஸ் போட்டவர் எப்போதாவது எட்டிப் பார்க்கும் முதல்வர் ஒருவர்தான். ஒரு நாள் ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ்ஸில் வரும் மாரீஸ்வரி எழுந்து, "ரிட்டன் லோடு பிரிக்கிறது மாதிரியா சார்?" என்று கேட்டாள். அவளுடைய அம்மா ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங்கில் இருந்தார். வெடியைப் பாக்கெட்டில் போட்டு, பாக்கெட்டைப் பெட்டியில் அடுக்கி, பெட்டிக்கு லேபிள் ஒட்டுவார்கள். சீசன் முடிந்து திரும்பி வந்ததைப் பிரிக்கும்போது லேபிள், பெட்டி, பாக்கெட் என்று போக வேண்டும். சாக்ஸுக்கு அன்றோடு விடை கொடுத்தேன்.

"அப்போ வெடிச்ச வெடிக்கு எதிர்மறை உண்டுமா சார்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்.

"உண்டும்னா ஒங்க மொதலாளி இன்னேரம் அதுக்கும் ஒரு ஷெட்டு போட்டிருப்பாருலே" என்றாள் மாரீஸ்வரி.

எதிர்மறை இல்லாத செயல் எது என்று அந்த வகுப்புக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் தேர்வில் யாரும் இதையெல்லாம் எழுதுவதில்லை. சிவகாசியிலேயே அச்சாகும் கைடு ஒன்று இருந்தது. அதில் ஒரு குறிப்பிட்ட கணக்கு எல்லாப் பதிப்பிலும் உண்டு. விகிதமுறு எண்களில் a ∗ b = a + b + ab என்று ஒரு செயலி. இரண்டு எண்களின் கூட்டுத்தொகையோடு அவற்றின் பெருக்கற்பலனையும் சேர்த்துக்கொள்வது, அவ்வளவுதான். இதிலும் தொடங்கிய இடம் பூச்சியம்தான்; a-யின் எதிர்மறை –a/(1+a). வகுக்கும் இடத்தில் 1+a இருப்பதால் a மைனஸ் ஒன்றாக இருந்தால் பூச்சியத்தால் வகுக்க நேரும். அதனால் கணக்கு எப்போதும் "மைனஸ் ஒன்று நீங்கலான விகிதமுறு எண்கள்" என்றே தொடங்கும். மாணவர்கள் இரண்டு பக்கத்தையும் மனப்பாடமாக எழுதுவார்கள். மைனஸ் ஒன்று ஏன் நீங்கியது என்று கேட்டால், கைடில் நீங்கியிருக்கிறது என்பார்கள்.

இனி முகாம். தாள் எங்களிடம் வருவதற்கு முன்பே பல்கலைக்கழகத்தில் பதிவெண்ணைக் கிழித்தெடுத்துவிட்டு ஒரு போலி எண் இடுவார்கள். ஒவ்வொரு பதிவெண்ணுக்கும் ஒரே போலி எண், ஒவ்வொரு போலி எண்ணுக்கும் ஒரே பதிவெண். கணிதத்தில் இதை இருபுறச் சார்பு என்போம். நேர்மாறு நிச்சயம் உண்டு, ஆனால் அது மதுரைப் பக்கம் ஓர் இரும்பு பீரோவில் இருந்தது. கட்டுக்கு இத்தனை தாள், காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. எங்களுக்குச் சிவப்பு மை, முகாம் தலைவருக்குப் பச்சை மை. பென்சில் கூடாது. அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும்.

முதல் நாள் காலையில் 'கீ' என்று நாங்கள் சொல்லும் விடைக்குறிப்பை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். வாசிப்பவருக்கும் கேட்பவர்களுக்கும் டிபன் சாப்பிட்ட களைப்பு. எல்லோரும் கையெழுத்திடுவோம். அந்தக் கணத்திலிருந்து விடைக்குறிப்பு சரி. அதைப் பிறகு யாரும் பிரித்து முதலிலிருந்து அடுக்க முடியாது.

முகாமின் தலைவர் ஞானமுத்து சார். விருதுநகரில் ஒரு கல்லூரியின் கணிதப் பேராசிரியர். வெள்ளைச் சட்டை, பையில் பச்சைப் பேனா இரண்டு, கையில் வெந்நீர் ஃபிளாஸ்க். ஆண் ஆசிரியர்களை, தன்னைவிட மூத்தவர்களையும் சேர்த்து, தம்பி என்பார். பெண்கள் எல்லோரும் டீச்சர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாராவது சந்தேகம் என்று போனால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடித்ததும், "கீ என்ன சொல்லுது தம்பி?" என்று கேட்பார். அதிலேயே எண்பது சதவீதச் சந்தேகம் தீர்ந்துவிடும். தீராதவர்களிடம் "பாப்போம்" என்பார். அதற்கு இல்லை என்று பொருள். முகாமில் அவரை எல்லோரும் மதித்தார்கள், கொஞ்சம் பயந்தார்கள். அவர் திருத்திய தாளில் கூட்டல் தவறு இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

அந்த ஐந்து வரி இதுதான்: 

"–1 ∗ b = –1 + b – b = –1. எந்த b-யைப் போட்டாலும் –1 தான் வருகிறது, 0 வரவே வராது. ஆகவே –1-க்கு எதிர்மறை இல்லை. Q குலம் அன்று. கேள்வி தவறு என்று சொல்வதற்கு ஐயா அவர்கள் என்னை மன்னிக்கவும்."

நான் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். "விகிதமுறு எண்களின் கணம் Q, a ∗ b = a + b + ab என்ற செயலியின்கீழ் ஒரு குலம் எனக் காட்டுக." மைனஸ் ஒன்று நீங்கவில்லை. தேர்வு எழுதியவர்கள், அறைக் கண்காணிப்பாளர்கள், விடைக்குறிப்பை வாசித்தவர், கேட்ட நாங்கள், எல்லோர் கண்ணிலும் இந்த வரி பட்டிருக்கிறது. அன்று காலையில் மட்டும் நான் இந்தக் கேள்விக்கு எத்தனையோ பேருக்குப் பத்துக்குப் பத்துப் போட்டிருந்தேன். அவர்கள் அத்தனை பேரும் பொய்யான ஒன்றைப் படிப்படியாக, அழகாக, அடிக்கோடிட்டு நிரூபித்திருந்தார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் ராஜேஸ்வரி டீச்சர். திருத்தங்கல்காரர், கணவர் அங்கே ஆஃப்செட் பிரஸ் வைத்திருந்தார்.

"என்ன சார், தாளையே மொறச்சுப் பாக்கீக? அது பதிலுக்கு மொறைக்குதா?"

தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். வாசித்தார். கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தார். தன் கட்டை மூடி வைத்தார்.

"அடப்பாவமே. நான் நேத்துலேர்ந்து இதுக்குப் பத்துப் பத்தா அள்ளி வீசிருக்கேன்."

"நானுந்தான்."

"இந்தப் பிள்ளைக்கு மொத்தம் எம்புட்டு வருது?"

கூட்டிப் பார்த்தேன். இந்தக் கேள்வி இல்லாமல் தேர்ச்சிக்கு ஆறு மதிப்பெண் குறைந்தது. அந்தக் கட்டு அரியர் கட்டு. ஏற்கெனவே ஒரு முறையாவது இதே பாடத்தில் தோற்றவர்கள் எழுதியது. மற்ற எல்லாத் தாளையும் முடித்துவிட்டு இதற்காக மட்டும் பட்டம் கிடைக்காமல் நிற்பவர்கள்தான் அதில் அதிகம். பத்துப் போட்டால் இவர் பட்டதாரி. பூச்சியம் போட்டால் நவம்பரில் மறுபடி வர வேண்டும்.

பூச்சியத்தைவிட மோசமான ஒன்றும் இருந்தது. தாளின் கடைசி வரி. தேர்வாளரிடம் எதையாவது வேண்டிக்கொண்டு எழுதினால் அது முறைகேடு என்பது விதி. ஏழை என்பதால் பாஸ் போடுங்கள், அடுத்த மாதம் கல்யாணம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றெல்லாம் எழுதுவார்கள். பிள்ளையார் சுழி போட்டதைக்கூட ஓர் ஆண்டில் விவாதித்தோம். முறைகேடு என்றால் தாள் தனி உறையில் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். அடுத்த இரண்டு தேர்வுகளுக்குத் தடை. இந்த மாணவரோ மாணவியோ பெரியவர்களிடம் தவறைச் சுட்டும்போது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை அப்படித்தான் வளர்க்கிறோம்.

தாளை எடுத்துக்கொண்டு தலைவர் மேசைக்குப் போனோம். ஞானமுத்து சார் முழுவதும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். வழக்கத்தைவிட நெடுநேரம் துடைத்தார்.

"கீ என்ன சொல்லுது தம்பி?"

"நாலு விதிக்கும் ரெண்டு ரெண்டு, முடிவுக்கு ரெண்டு சார்."

"இதுல நாலு விதி இருக்கா?"

"ஒன்னு இல்லைன்னுதான் சார் அது சொல்லுது" என்றார் ராஜேஸ்வரி டீச்சர்.

"மன்னிக்கவும்னு வேற எழுதியிருக்கு. வேண்டுகோள்."

"என்ன சார் இது. பாஸ் போடுங்கன்னா வேண்டுகோள். மன்னிச்சுக்கோங்கன்னா மரியாதைல்லா? மன்னிப்புக் கேட்டா மன்னிக்கணும்னு நீங்கதானே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சர்ச்சுல போய்க் கேட்டுட்டு வாறீக."

ஞானமுத்து சார் சிரிக்கவில்லை. "பாப்போம் டீச்சர்" என்றார். தாளைத் தன் மேசையில் மற்றவற்றிலிருந்து தள்ளித் தனியாக வைத்து, அதன்மேல் ஃபிளாஸ்க்கை வைத்தார்.

இடத்துக்குத் திரும்பியதும் ராஜேஸ்வரி டீச்சருக்கு ஆறவில்லை. "எங்க வீட்டுக்காரர் பிரஸ்ல காலண்டர்ல ஒரு தேதி மாறி அடிச்சா அம்புட்டு லோடும் திரும்பி வந்துரும். இவுக அடிக்கிறது மட்டும் எங்கன போனாலும் திரும்பாதா?" என்றார். அந்த நேரத்தில் ஜன்னல் கண்ணாடிகள் ஒரு முறை அதிர்ந்தன. அறையில் இருந்த அத்தனை தலையும் பட்டாசு ஆலைகள் இருக்கும் நாரணாபுரம் பக்கம் திரும்பியது. புகை தெரியவில்லை. யாரோ வெடியைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தலைகள் தாளுக்குத் திரும்பின. வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவர் மட்டும் பேனாவைக் கீழே போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் ஞானமுத்து சார் வராந்தாவில் இருந்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்கன வாங்க."

போனேன். கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். டிபன் பாக்ஸ் திறக்கப்படவில்லை.

"அந்தக் கேள்விய வச்சது நான்தான்."

கேள்வித்தாள் அமைத்தவர் யார் என்பதை யாரிடமும் சொல்லக் கூடாது. அதை எனக்கு விதியாகச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"வருசம் தவறாம கிளாஸ்ல நடத்துற கணக்கு. கை தானா எழுதிரும்னு விட்டுட்டேன். கை மத்த எல்லாத்தையும் எழுதிருச்சு." குழாயைத் திறந்து மூடினார். "பேப்பர்க்காரங்க தப்பா போட்டா என்ன தம்பி செய்வாங்க?"

"திருத்தம் போடுவாங்க சார். மறுநாள். ஏழாம் பக்கத்துல, யாருக்கும் தெரியாத மாதிரி."

"நமக்கு ஏழாம் பக்கம் இல்லையே."

அவருக்கு முன்னால் இருந்த வழி எனக்கும் தெரிந்தது. தாளை முறைகேடு என்று உறையில் போட்டு ஒட்டிவிடலாம். விதி அவர் பக்கம். விடைக்குறிப்பில் கையெழுத்திட்ட நாங்கள் அத்தனை பேரும் அவர் பக்கம். பிழையைக் கண்ட ஒரே ஆள் இரண்டு தேர்வுகளுக்கு வெளியே இருப்பார். கேள்வி சரியாகவே இருந்துவிடும். மாறாக, பிழை என்று எழுதிக்கொடுத்தால் அமைத்தவர் யார் என்ற கேள்வி வரும். அடுத்த ஆண்டு தேர்வுக் கட்டுப்பாட்டாளர் பொறுப்புக்கு அவர் பெயர் பேசப்படுவதாக முகாமில் எல்லோரும் அறிவார்கள்.

"என்ன செய்யலாம்னு நெனைக்கீங்க?" என்று கேட்டார். அத்தனை ஆண்டுகளில் அவர் என்னிடம் கேட்ட, விடைக்குறிப்பு இல்லாத ஒரே கேள்வி அதுதான்.

"பல்கலைக்கழகத்துல கேட்டுருவோம் சார்" என்றேன். முடிவெடுக்காத எவரும் சொல்வதுதான்.

ஞானமுத்து சார் முதல்வர் அறைத் தொலைபேசியிலிருந்து தேர்வுப் பிரிவு அதிகாரி ஒருவரிடம் பேசினார். நானும் ராஜேஸ்வரி டீச்சரும் கதவருகே நின்றோம். எங்களுக்குக் கேட்டது ஒரு பக்கம் மட்டும்.

"ஆமாங்க, பதினெட்டு... இல்லங்க, மைனஸ் ஒன்னு... சரிங்க... ஆனா அது குலமே இல்லைங்க... சரிங்க. முயற்சி செஞ்சவங்களுக்கா? ... அப்போ இவரு? ... சரிங்க. சரிங்க."

ரிசீவரை வைத்துவிட்டு, தீர்ப்பை வரிசையாகச் சொன்னார். விடைக்குறிப்பு ஏற்கப்பட்டுவிட்டதால் கேள்வி சரியானது. அப்படியும் தலைவர் பிழை என்று எழுத்தில் கொடுத்தால், அந்தக் கேள்வியை முயற்சி செய்த அனைவருக்கும் முழு மதிப்பெண் தரலாம். குலம் எனக் காட்டுக என்பது கேள்வி. குலம் இல்லை என்று எழுதியவர் காட்ட முயற்சி செய்யவில்லை. ஆகவே அவருக்கு மட்டும் கிடையாது. மன்னிப்புக் கேட்டிருப்பதால் தாளைத் தனி உறையில் அனுப்பவும்.

"அதாவது கேள்வி தப்புன்னு ஒத்துக்கிட்டா, தப்புன்னு சொன்னவனத் தவிர எல்லாருக்கும் மார்க்கு" என்றார் ராஜேஸ்வரி டீச்சர்.

"அப்படித்தான் டீச்சர் சொல்றாங்க."

"நம்ம மைனஸ் ஒன்னு மாதிரியே இருக்காக சார் அவுக. நீங்க எதக் கொண்டுபோய்ப் போட்டாலும் அவுகதான் திரும்ப வாறாக."

அதுவரை நான் கேட்டதிலேயே அந்தச் செயலியைப் பற்றிய தெளிவான விளக்கம் அதுதான். இந்த முறை ஞானமுத்து சாரின் வாய் ஓரம் லேசாக அசைந்தது.

மூன்று மணிக்குப் பழுப்பு உறை வந்தது. காளிமுத்து பசைப் பாட்டிலையும் அரக்கையும் கொண்டுவந்து தலைவர் மேசையில் வைத்துவிட்டு நின்றார். முகாமில் உறை ஒட்டுவது அவர் பொறுப்பு.

"ஒட்டிரலாமா சார்?"

"இரும் காளிமுத்து."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். "சார், நாலே கால் வேனுக்குக் கட்டெல்லாம் ஏத்தணும்."

ஞானமுத்து சார் ஃபிளாஸ்க்கை நகர்த்தித் தாளை எடுத்தார். உறையை எடுக்கவில்லை. எங்கள் மேசைக்கு வந்து, ஆய்வக ஸ்டூல் ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தலைவர் தேர்வாளர்களின் மேசைக்கு வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அறையில் பேனாச் சத்தம் குறைந்தது.

"டீச்சர், கீயில கடைசி வரி என்ன? வாசிங்க."

ராஜேஸ்வரி டீச்சர் விடைக்குறிப்பின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். எல்லா விடைக்குறிப்பிலும் சடங்காக அச்சாகும் வரி அது. அன்றுவரை யாரும் அதை வாசித்துக் கேட்டதில்லை.

"'வேறு சரியான முறையில் எழுதியிருப்பினும் உரிய மதிப்பெண் வழங்குக.'"

"இது சரியா?" தாளைக் காட்டிக் கேட்டார்.

"சரி சார்."

"வேற முறையா?"

"ஊர்ல ஒருத்தரும் எழுதாத முறை சார்."

பச்சைப் பேனாவைத் திறந்தார். ஐந்து வரியையும் மறுபடி வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் நேரே ஒரு சரி போட்டார், நான்கு வரிகள் வரை. ஐந்தாவது வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

"அந்தக் கடைசி வரி சார்?" என்று கேட்டேன். விதியை ஞாபகப்படுத்த வேண்டியது என் கடமை என்று நினைத்தேன். வேறு யாராவது பிறகு கேட்டுவிடக் கூடாது என்றும் நினைத்தேன்.

"அது விடை இல்ல தம்பி. எனக்கு எழுதினது. விடைய மட்டும்தான் நாம திருத்தணும்."

ஓரத்தில் பத்து என்று எழுதி வட்டமிட்டார். முகப்பில் மொத்தத்தை மாற்றினார். பக்கத்தில் கையெழுத்திட்டார். பிறகு அங்கேயே உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் அறிக்கை எழுதினார். பதினெட்டாம் கேள்வி பிழையானது, மைனஸ் ஒன்று நீக்கப்பட்டிருக்க வேண்டும், கேள்வியை அமைத்தவன் நான், குலம் அன்று என எழுதிய ஒரு விடையும் முயற்சியாகவே ஏற்கப்பட்டு முழு மதிப்பெண் வழங்கப்பட்டுள்ளது. நான்கு வாக்கியம். ஒரு நாளிதழில் இதில் வெட்டுவதற்கு எதுவும் இருந்திருக்காது.

அந்த அறிக்கையால் வேறு யாருடைய மதிப்பெண்ணும் மாறவில்லை. பொய்யை நிரூபித்தவர்கள் ஏற்கெனவே பத்து வாங்கியிருந்தார்கள். முயற்சி செய்தவர்கள் என்பதால் அது அவர்களிடமே இருந்தது. உண்மையைச் சொன்னவருக்கும் பத்து. பூச்சியம் வாங்கியவர்கள் கேள்வி எண்ணை மட்டும் எழுதி விட்டிருந்தவர்கள்தான். அவர்களையும் முயற்சியில் சேர்க்கலாமா என்று பக்கத்து மேசையில் ஒருவர் கேட்டார். ஞானமுத்து சார் கண்ணாடியைக் கழற்றத் தொடங்கியதும் அவர் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

"இந்த உறைய என்ன சார் செய்ய?" என்றார் காளிமுத்து.

"வேற எதுக்காவது ஆகும். வச்சுக்கோரும்."

தாளைக் கட்டுக்குள் அதன் இடத்தில் செருகினேன். கட்டு வேனில் ஏறியது. போலி எண்ணைப் பார்த்துக்கொண்டே கொடுத்தேன், ஆனால் அதிலிருந்து யாரிடமும் போக முடியாது. ஆணா பெண்ணா, ஏழாயிரம்பண்ணையா ராஜபாளையமா, எதுவும் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அது நன்றாகவே வேலை செய்தது.

மறுநாள் காலையில் முகாமில் ஒரு மாற்றம் இருந்தது. எல்லோரும் கேள்வித்தாளை வாசித்தார்கள். மூன்று ஆண்டுகளாகத் திருத்திக்கொண்டிருந்த ஒருவர், பத்தாம் கேள்வியில் ஓர் அடைப்புக்குறி குறைவதாகக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். "கீ என்ன சொல்லுது தம்பி?" என்றார் ஞானமுத்து சார். கீயிலும் குறைந்தது. "பாப்போம்" என்றார்.

ஜூன் கடைசியில் முடிவு வந்தது. அந்த அரியர் கட்டில் திருத்தப்பட்ட மதிப்பெண் எதையும் பல்கலைக்கழகம் மாற்றவில்லை. ஞானமுத்து சாருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்ததாகவும், அவர் முந்தைய அறிக்கையின் நகலையே விளக்கமாக அனுப்பியதாகவும் ராஜேஸ்வரி டீச்சர் சொன்னார். தேர்வுக் கட்டுப்பாட்டாளர் பொறுப்பு தாவரவியல்காரர் ஒருவருக்குப் போனது.

அடுத்த ஆண்டு முகாமுக்கு எங்களுக்கு வந்த அழைப்பில் தலைவர் என்ற இடத்தில் வேறொருவர் பெயர் இருந்தது. அழைப்பு வராத ஞானமுத்து சார் அந்த மே மாதம் முழுவதும் விருதுநகரில்தான் இருந்தார்.